நாலாம் நம்பரின் முதுகு

ரிஹாபுக்கு மூன்று ஜெர்சி வந்தது. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று.

அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது மஹ்ஜூபா பக்கத்திலேயே நின்றாள். பதினாலு, பதினாலு, மறுபடியும் பதினாலு. அவளுடைய நாலாம் நம்பர் ஒன்றே ஒன்று, பெட்டியின் அடியில் கசங்கிக் கிடந்தது. காரணம் என்னவோ நியாயமான காரணம்தான். ஆட்டம் முடிந்ததும் சின்னப் பெண்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு ரிஹாபின் ஜெர்சியைக் கேட்டு அழுகிறார்கள். ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு வேண்டாமா? மஹ்ஜூபாவின் ஜெர்சியைக் கேட்டு இதுவரை யாரும் அழுததில்லை.

அவள் கேப்டன். துறைமுக நகரமான ஸாஃபியின் ‘கடல் நட்சத்திரம்’ பெண்கள் கால்பந்து அணிக்குப் பதினாறு வருஷமாகத் தடுப்பாட்டக்காரி, அதில் ஒன்பது வருஷம் கேப்டன். ஆரம்பத்தில் பகலெல்லாம் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் பெட்டி தூக்கிவிட்டு, சாயங்காலம் ஆலைக்குப் பின்னால் இருந்த சரளைக்கல் மைதானத்தில் ஆடியவள். விழுந்தால் முட்டியில் கல் ஏறும். ஆண்கள் அணி போட்டுக் கழித்த ஜெர்சிகளை இடுப்பில் முடிச்சுப் போட்டு உடுத்திய காலம் அது. இப்போது பெண்கள் லீக் தொழில்முறை ஆகிவிட்டது. மாதச் சம்பளம், புல் மைதானம், குளிர்சாதனப் பேருந்து எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பேருந்து வந்த முதல் நாளே முன்வரிசை ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தவள் ரிஹாப். இருபது வயது. அணிக்கு வந்து இரண்டே வருஷம்.

மஹ்ஜூபாவுக்கு வயிறு எரிந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் தன்னிடம் மறைக்கவும் இல்லை. வேறு பெயர் எதுவும் வைத்து அதை மூடப் பார்க்கவில்லை. பொறாமைதான். காலையில் கண் விழித்தால் கூடவே விழித்தது, பல் தேய்க்கும்போது கண்ணாடியில் நின்றது. ஒரு திமிர் பிடித்த பெண்ணாக ரிஹாப் இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். அவளோ பார்த்த இடத்தில் ‘அக்கா’ என்று எழுந்து நின்றாள், பையைக் கேட்காமலே வாங்கித் தூக்கினாள், மத்தி வறுவலில் நல்ல துண்டாகப் பார்த்து மஹ்ஜூபாவின் தட்டில் வைத்தாள். குறை சொல்ல ஒரு பிடியும் கொடுக்காத பெண்ணின் மேல் பொறாமைப்படுவதைப் போலக் கொடுமை வேறு கிடையாது.

பிடி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்த நீல டேப். காலுறை நழுவாமல் இருக்கச் சுற்றும் டேப்பை ரிஹாப் இடது மணிக்கட்டிலும் இரண்டு சுற்றுச் சுற்றுவாள். கோல் அடித்ததும் அந்தக் கையை மடக்கி உயர்த்திக் காட்டுவாள். அவ்வளவுதான், வேறு வித்தை எதுவும் இல்லை. ஆனால் ஊரில் உள்ள பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லாம் மணிக்கட்டில் நீலத் துணியைக் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். மஹ்ஜூபாவின் சொந்தத் தங்கை மகளே கட்டியிருந்தாள். வீட்டுக்கு வந்தபோது பெரியம்மாவைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அன்றைக்கு மஹ்ஜூபாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம் கூடப் பொறுத்திருப்பாள். சுவர் விஷயம் வந்ததால்தான் பொறுக்க முடியாமல் போயிற்று.

துறைமுகத்திலிருந்து மீன் ஆலைக்குப் போகும் வழியில் ஒரு நீளச் சுவர் இருக்கிறது. ‘கடல் நட்சத்திரம்’ சங்கத்தின் ரசிகர்கள் அதில் ஆட்டக்காரர்களை வரைவார்கள். பதினோரு ஆண்கள் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரத்தில் நின்றார்கள். பன்னிரண்டாவது இடம் வெறும் சுண்ணாம்பாக இருந்தது. மஹ்ஜூபா பதினெட்டு வயதிலிருந்து அந்தச் சுவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாள், வந்தாள். அதில் இருப்பவர்களில் நாலு பேர் அவளுக்குப் பிறகு ஆட வந்தவர்கள், இரண்டு பேர் எந்தக் கோப்பையையும் தொடாதவர்கள். அந்தப் பன்னிரண்டாவது இடம் தனக்குத்தான் என்று அவள் யாரிடமும் சொல்லாமல் நினைத்து வைத்திருந்தாள். முட்டி தேய்ந்துவிட்டது, வயது முப்பத்துநாலு, இதுதான் கடைசி வருஷம். வாழ்க்கையில் அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் சுண்ணாம்புதான்.

அணி கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்ற அன்று ரசிகர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். கோப்பை வந்தால் பன்னிரண்டாவது இடத்தில் ஒரு பெண்ணை வரைவது, யார் கோல் அடித்து வெல்கிறாளோ அவளை. முகத்தை மட்டும் வரைய வேண்டாம், போகிற வருகிற பயல்கள் மீசை போட்டு வைப்பார்கள், பெண்ணின் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகையால் முதுகுப்பக்கம், பெயரும் நம்பரும் தெரிகிற மாதிரி. வரைகிறவன் ஸுஹைர் இதைப் பெரிய மரியாதையாக நினைத்துத்தான் வந்து சொன்னான். ஆண்களுக்கு முகம், பெண்களுக்கு முதுகா என்று மஹ்ஜூபாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்டுக்கொண்டாள். முதுகாவது கிடைக்கட்டும். பிறகுதான் யோசித்தாள், கோல் அடிப்பவள் என்றால் அது யார்? தடுப்பாட்டக்காரி கோல் அடிப்பது வருஷத்துக்கு ஒன்று. ரிஹாப் வாரத்துக்கு ஒன்று.

இறுதி ஆட்டம் மராக்கெஷில். அவர்கள் ஆட்டம் தொலைக்காட்சியில் நேரடியாக வருவது அதுதான் முதல் முறை. உடை மாற்றும் அறையில் எல்லோரும் தலைவாரிக்கொண்டும் துஆ ஓதிக்கொண்டும் இருந்த நேரத்தில், பெஞ்சின் மேல் முழு உருளையாக நீல டேப் இருந்ததை மஹ்ஜூபா பார்த்தாள். ரிஹாப் இன்னும் சுற்றிக்கொள்ளவில்லை. நாடே பார்க்கப் போகிற ஆட்டத்தில் அந்தக் கை உயரப் போகிறது, நாளைக்கு நாட்டில் உள்ள பெண்களுக்கெல்லாம் மணிக்கட்டு நீலமாகப் போகிறது. யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கை போயிற்று, எடுத்தது, பையில் துண்டுக்கு அடியில் போட்டு ஜிப்பை இழுத்தது. அதன்பிறகு தன் காலுறையைச் சரிசெய்துகொண்டாள், காது மட்டும் சூடாக இருந்தது.

ரிஹாப் தேடினாள். இரண்டு பேரிடம் கேட்டாள். உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பத்தூல் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்தாள். பத்தூலும் பழைய மீன் ஆலைக்காரிதான், மஹ்ஜூபாவோடு ஒரே வரிசையில் நின்று மீன் தலை கிள்ளியவள். டேப் கிடைக்கவில்லை. ரிஹாப் தோளைக் குலுக்கிவிட்டு யாரிடமோ கண் மையை வாங்கி மணிக்கட்டில் இரண்டு வளையம் வரைந்துகொண்டாள். டேப்பைவிட அது நன்றாக இருந்தது. மஹ்ஜூபாவுக்குத் தன் தலையைக் கொண்டுபோய் அலமாரியில் இடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆட்டம் அறுபது நிமிஷம் வரை கோல் இல்லாமல் போயிற்று. அறுபத்திரண்டாவது நிமிஷம் எதிரணிக்காரியின் முழங்கை மஹ்ஜூபாவின் மூக்கில் இறங்கியது. மூக்கு உடையவில்லை, ஆனால் ரத்தம் நெஞ்சு முழுக்க. ரத்தம் பட்ட ஜெர்சியோடு ஆடக் கூடாது என்று நடுவர் வெளியே அனுப்பினார். கோட்டுக்கு வெளியே பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் விஷயம் புரிந்தது. மாற்று ஜெர்சி யாருக்கும் இல்லை, ஒருத்தியைத் தவிர. பத்தூல் கையில் ரிஹாபின் மூன்றாவது ஜெர்சியோடு ஓடிவந்தாள்.

“பதினாலுல ஒன்ன மறைச்சா நாலு. போட்டுக்க, சீக்கிரம்.”

நம்பர் நடுவரின் தாளில் உள்ளபடி நாலாக இருந்தால் போதும் என்று கோட்டோரம் நின்ற அதிகாரியும் தலையாட்டினாள். பத்தூலின் கத்தரிக்கோல் பிடியில் ஒரு சாண் டேப் எப்போதோ சுற்றி ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து நீல ஜெர்சியில் ஒன்றின் மேல் ஒட்டினாள். நாலு கிடைத்தது. அதற்கு மேலே ரிஹாப் என்ற பெயர் முழுசாக இருந்தது.

“ஏண்டி, பேர மறைக்க டேப்பு இல்லையேடி. காலைல முழு உருளை இருந்துச்சு, எங்கதான் போய்த் தொலஞ்சுதோ.”

மஹ்ஜூபாவுக்குத் தெரியும் எங்கே என்று. அறை ஐம்பது அடி தூரம். ‘என் பையில் இருக்கிறது, ஓடிப்போய் எடுத்து வா’ என்று சொன்னால் பத்தூல் ஒரு நிமிஷத்தில் வந்துவிடுவாள். ஆனால் அந்த வார்த்தையை பெஞ்சில் இருக்கிற ஒன்பது பேரும் கேட்பார்கள். தண்ணீர் குடிக்கக் கோட்டோரம் வந்து நிற்கும் ரிஹாபும் கேட்பாள். மஹ்ஜூபா வாயைத் திறந்தாள், மூக்கு ரத்தம் உதட்டுக்கு வந்தது, துடைத்துக்கொண்டு வாயை மூடினாள். ஜெர்சியைத் தலைவழியே இழுத்துப் போட்டாள். ஊரில் எந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்கு ஆகாதோ அந்தப் பெயர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எண்பத்தாறாவது நிமிஷம் ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வந்தது. மஹ்ஜூபாவும் ரிஹாபும் இரண்டு பேருமே எகிறினார்கள், தோளோடு தோள் உரச. பந்து மஹ்ஜூபாவின் நெற்றியில் பட்டது. பட்ட சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தை நோக்கி ஓடினாள், பஞ்சு அடைத்த மூக்கோடு, முட்டி வலியை மறந்து. பதினாறு வருஷத்தில் அப்படி ஓடியதில்லை. வியர்வையில் ஊறிய டேப் எந்த இடத்தில் உரிந்து விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று கோப்பையை வாங்கினார்கள். பிறகு அறையில் யாரோ செல்பேசியில் அந்தக் கோலைப் போட்டுக் காட்டினார்கள். பெயரும் பதினாலும் பளிச்சென்று தெரியும் முதுகு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, வர்ணனையாளர் ‘ரிஹாப், ரிஹாப்’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நடுவரின் தாளில் சரியாகத்தான் இருந்தது. நடுவரின் தாளை யார் படிக்கிறார்கள்? மைதானத்திலேயே பேட்டி எடுத்தவனிடம் ரிஹாப், கோல் அடித்தது கேப்டன், நான் இல்லை என்று இரண்டு முறை சொல்லியிருந்தாள். அதற்குக் கீழே வந்து விழுந்த செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. என்ன அடக்கம், இந்த வயதில் பெருமையைக் கேப்டனுக்கு விட்டுக்கொடுக்கிறாளே, பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மஹ்ஜூபா அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தாள். இன்னொருத்தி அடித்த கோலும் ரிஹாபுக்கே, அதை மறுத்த பெருமையும் அவளுக்கே.

முகத்தைத் துடைக்கத் துண்டை உருவினாள். கூடவே நீல உருளை வெளியே வந்து விழுந்து, தரையில் உருண்டு, ரிஹாபின் செருப்பில் போய் நின்றது.

ரிஹாப் குனிந்து எடுத்தாள், உருளையைப் பார்த்தாள், மஹ்ஜூபாவைப் பார்த்தாள். அதை மஹ்ஜூபாவின் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஷூவைக் கழற்றப் போய்விட்டாள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் மஹ்ஜூபா அன்று தூங்கியிருப்பாள்.

ஒரு வாரம் சுவரில் தார்ப்பாய் தொங்கியது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, வீடுகளில் கூஸ்கூஸ் சாப்பிட்டுக் கைகழுவி ஊர் அங்கே கூடியது. மஹ்ஜூபா போகக் கூடாது என்றுதான் இருந்தாள். பத்தூல் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ரிஹாபும் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தாள். ஸுஹைர் கயிற்றை இழுத்ததும் தார்ப்பாய் விழுந்தது.

நீல ஜெர்சி, உயர்ந்த இரண்டு கைகள். ரிஹாப், பதினாலு. ஒளிபரப்பிலிருந்து எடுத்த படத்தை அப்படியே கட்டம் போட்டு வரைந்திருந்தான், ஒரு மடிப்புக்கூடத் தவறவில்லை. கூட்டம் கைதட்டியது. மஹ்ஜூபா நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய கைகள், அவளுடைய கழுத்து, அவளுடைய வாழ்க்கையின் ஒரே ஓட்டம். அதற்கு மேலே வேறு ஒருத்தியின் பெயர்.

முதலில் சிரித்தவர்கள் ஆலைப் பெண்கள். பின்னால் நின்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். பத்தூல்தான் உரக்கச் சொன்னாள்.

“யப்பா ஸுஹைர், இது ரிஹாப் தோளா? வலது தோளு ரெண்டு விரக்கட எறங்கியிருக்கு பாரு. இருபது வயசுப் புள்ளைக்கு இப்படி எறங்குமா? பத்து வருஷம் மீன் பொட்டி தூக்குன தோளு இது. எங்க எல்லாருக்கும் இருக்கு, வா, அளந்து பாத்துக்க.”

ஸுஹைர் படத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், முகம் சுண்டிப்போய் ரிஹாபைப் பார்த்தான். ரிஹாப் முன்னால் வந்தாள். படத்தில் இருப்பது தான் அல்ல, கேப்டன்தான், ஜெர்சி மட்டும் தன்னுடையது, அன்றைக்குப் பெயரை மறைக்க டேப் பத்தவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கூட்டத்தில் அடடா என்றார்கள். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன டேப்பால் வந்தது என்றார்கள். ஸுஹைர் உடனே டப்பாவைத் திறந்து நீலச் சாயத்தைக் கலக்க ஆரம்பித்தான்.

மஹ்ஜூபா பேசாமல் இருந்திருக்கலாம். இரண்டு நிமிஷத்தில் பெயர் மாறியிருக்கும். சுண்ணாம்பு அவளுடையது ஆகியிருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாமல். ஆனால் அதை ரிஹாப் எடுத்துக் கொடுக்கிறாள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த ஜெர்சியைப் போலவே இதையும் ரிஹாபின் தயவில் முதுகில் சுமக்க வேண்டுமா?

“டேப் பத்தலைன்னு யாரு சொன்னா?” என்றாள். “முழு உருளை இருந்துச்சு. என் பையில. நான்தான் ஒளிச்சு வச்சேன், இவ கையத் தூக்கி டிவியில காட்டக் கூடாதுன்னு.”

பத்தூல் தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தெரியும்க்கா” என்றாள் ரிஹாப்.

“தெரிஞ்சா ஏண்டி அன்னைக்கே கேக்கல?”

“கேட்டா நீங்க கோபத்துல அந்தக் கோலும் எனக்கு வேணாம்னு தூக்கி எறிஞ்சிருப்பீங்க. ரெண்டு வருஷமா உங்க பையத் தூக்குறேன், உங்களத் தெரியாதா எனக்கு?”

மஹ்ஜூபா அவளை முறைத்தாள். இதிலும் முந்திக்கொண்டாளே என்று வயிறு இன்னொரு முறை எரிந்தது. பிறகு ஸுஹைர் பக்கம் திரும்பினாள்.

“வேணாம்னு யாரு சொன்னது? டேப்ப ஒளிச்சது நான். கோல் அடிச்சதும் நான். ரெண்டும் என்னுதுதான். எழுதுய்யா என் பேர, பெருசா எழுது.”

எழுதினான். ஒன்றை நீலத்தால் அடைத்தான், ரிஹாபை அழித்து மஹ்ஜூபா என்று போட்டான். பெயர் நீளம் என்பதால் எழுத்தைக் கொஞ்சம் நெருக்க வேண்டியிருந்தது. ஈரம் காயும் வரை அவள் அங்கேயே நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை வறுத்த மத்தியைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு அந்த வழியே வந்தாள். ஜெல்லாபா அங்கி போட்டு, தலையில் துணி கட்டியிருந்தாள். சுவருக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வயதில் மூன்று பெண்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் மணிக்கட்டிலும் கண் மை வளையம். மூன்று பேரும் அவளுடைய முதுகுக்குக் கீழே நின்று ரிஹாப் மாதிரியே கையை உயர்த்தினார்கள். மஹ்ஜூபாவுக்கு மத்தி கசந்தது. பேசாமல் தாண்டிப் போகப் பார்த்தாள்.

“அத்தை, எங்க மூணு பேரையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? பின்னாடி இருக்கற மஹ்ஜூபாவும் வரணும்.”

ஒரு பெண் செல்பேசியை நீட்டினாள். நேராக முகத்தைப் பார்த்துத்தான் நீட்டினாள். அவளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், சுவரில்தான் முகமே இல்லையே. மஹ்ஜூபா செல்பேசியை வாங்கவில்லை. நான்தான் அது என்று சொல்லவும் நாக்கு வரவில்லை, சொன்னால் நம்பாமல் சிரித்துவிடுவார்களோ என்று இருந்தது. அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். இரண்டு கையையும் தூக்கினாள், ஒரு கையில் மீன் பொட்டலத்தோடு.

பின்னால் சிரிப்பு கேட்டது. பிறகு அது நின்றது. யாரோ சுவரைப் பார்த்து இவளைப் பார்ப்பது அவளுக்கு முதுகிலேயே தெரிந்தது. அந்தத் தோளைப் பாருடி என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

“அத்தை” என்றாள் செல்பேசி வைத்திருந்தவள், குரல் மாறிப்போய். “இந்தப் பக்கம் திரும்புங்க. மூஞ்சியோட எடுக்கணும்.”

மஹ்ஜூபா கையை இறக்கினாள். உதட்டோரத்து எண்ணெயைத் துடைத்து, தலைத்துணியை இழுத்துவிட்டு, மெதுவாகத் திரும்பினாள்.

“எடுங்க” என்றாள். “ஆனா என்னை மட்டும் ரிஹாப் மாதிரி கையத் தூக்கச் சொல்லாதீங்க.”